மழை அழித்த அரைவட்டம்

வாளியில் சுண்ணாம்பு, தோளில் கயிறு, கையில் இரண்டு மரமுளைகள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பிரான்காச்சோ போகும் பஸ்ஸில் நான் ஏறியபோது சாரதி என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார்.

"எந்த வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டார்.

"வீட்டுக்கு இல்லை. தரைக்கு," என்றேன்.

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. பலெர்மோவின் பஸ் சாரதிகள் இதைவிடப் பெரிய விசித்திரங்களை எல்லாம் ஏற்றி இறக்கியவர்கள். பஸ்ஸுக்குள் ஒட்டியிருந்த ஒழுங்குவிதிகளின்படி, மடியில் வைக்கக்கூடிய பொருளுக்குத் தனி டிக்கட் தேவையில்லை. நான் அதை வாசித்திருந்தேன். ஆகவே வாளியை மடியில் வைத்துக்கொண்டேன். இறங்கும்போது என் காற்சட்டையில் ஒரு வெள்ளை வட்டம் இருந்தது. அன்று நான் போட்ட வட்டங்களில் கடைசிவரை அழியாமல் இருந்தது அது ஒன்றுதான்.

திடலில் ரெஜினா எனக்கு முன்பே வந்து நின்றாள். பதினைந்து வயது. பதினாறு வயதுக்கு உட்பட்ட பெண்கள் ஹொக்கி அணியின் கோல் காப்பாளர். காலில் கட்டும் காப்புத் தட்டுகளை இரண்டு தலையணைகளைப்போல இரு கக்கத்திலும் இடுக்கியிருந்தாள்.

"மாமா, பிந்திப்போனீங்கள்."

"பஸ் பிந்தினது. நான் பிந்தேல்லை."

"ரெண்டும் ஒண்டுதானே?"

"ஒண்டில்லை. எழுத்திலை போடேக்கை வித்தியாசம் தெரியும்."

அவள் சிரித்தாள். பிறகு முளையை வாங்கி கோல் கம்பத்தின் அடியில் வைத்துக் கல்லால் அடித்தாள்.

ஹொக்கி தெரியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். கோல் கம்பங்களுக்கு முன்னால் பதினாறு யார் தூரத்தில் ஓர் அரைவட்டம் உண்டு. எதிரணி அதற்குள் நின்று அடித்தால்தான் கோல். வெளியே நின்று அடித்த பந்து நேராக வலைக்குள் போனாலும் கணக்கில் இல்லை. காப்பாளர் அதைத் தொடவே தேவையில்லை. விலகி நின்று வழி விடலாம். ஒரு கோல் காப்பாளரின் வாழ்க்கை முழுவதும் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

நானும் அவளும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து, அந்தக் கோட்டைப் போட்டோம். திடல் புல் இல்லாத இறுகிய மண். கப்போ சந்தையில் வாங்கிய சுண்ணாம்பு அதில் பளிச்சென்று விழுந்தது. வானம் மட்டும் மஞ்சளாக இருந்தது. ஆபிரிக்காப் பக்கமிருந்து ஷிரோக்கோ காற்று வந்துகொண்டிருந்தது. பல்லில் மண் நறநறத்தது.

"மாமா, இண்டைக்குத் தோத்தா..." என்றாள் ரெஜினா. முடிக்கவில்லை.

"கயிறை இறுக்கிப் பிடி," என்றேன்.

ஓர் இரசிகன் உருவான விதம்

சென்ற வாரப் பத்தியில் உங்களைக் குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தின் வெளிவாசலில், பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும் வரிசையில் நிறுத்தி வைத்திருந்தேன். அந்த வரிசை இன்னும் நகர்ந்திருக்காது. அதற்குள் இந்தக் கதையைச் சொல்லிவிடலாம்.

யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரச அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்த நான், தொண்ணூறுகளில் பலெர்மோவின் பொலிதேயாமாப் பக்கத்தில் ஒரு வயோதிப அவ்வொகாத்தோவின் வீட்டிலேயே தங்கி வேலை செய்தேன். வழக்கறிஞராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். சமையல், சலவை, பத்திரிகை வாசித்துக் காட்டுதல் எல்லாம் என் பொறுப்பு. அவர் என்னுடைய இத்தாலியனைத் திருத்துவார். நான் அவருடைய கோப்புகளைத் திருத்துவேன்.

அந்தக் கட்டடத்தின் போர்த்தியேரே, அதாவது வாயிற்காவலர், சூசை. மன்னார்க்காரர். கதவு திறப்பது, படிக்கட்டுக் கழுவுவது, தபால் வாங்கிப் பிரித்துக் கொடுப்பது அவருடைய வேலை. ரெஜினா அவருடைய மகள்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். சூசையும் ஒருநாள் மகளின் விளையாட்டு அட்டைக்கான படிவத்துடன் வந்தார். நிரப்பிக் கொடுத்தேன். படிவம் ஏற்றுக்கொள்ளப்பட்டதா என்று பார்ப்பதற்காகவே முதல் ஆட்டத்துக்குப் போனேன். இது உண்மை. படிவம் ஏற்கப்பட்டிருந்தது. ஆனால் நான் திரும்பி வரவில்லை என்றே சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூட நாட்களில் நானும் ஹொக்கி ஆடியவன்தான். இடதுபுறப் பின்காவல். மேல்வரிசையில் எனக்கு இருக்கும் பொய்ப்பல் அந்தக் காலத்து விருது. வேறு விருது கிடைக்கவில்லை.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போனேன். கோலுக்குப் பின்னால், இடப்பக்கம், நின்றபடி. உட்கார்ந்தால் தோற்போம் என்று ஒரு நம்பிக்கை. இதற்கு ஆதாரம் என் குறிப்புப் புத்தகத்தில் இருக்கிறது. விளையாட்டு விதிப்புத்தகத்தை அகராதி வைத்து முழுவதும் வாசித்த ஒரே இரசிகன் நான்தான் என்று அணியின் பயிற்சியாளர் மரியெல்லா சொல்வார். பள்ளிக்கூட உடற்பயிற்சி ஆசிரியை அவர். தானும் முழுவதும் வாசித்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்வார்.

சூசைக்கு இது பிடிக்கவில்லை. கோயில் முடிந்து வெளியே நிற்கும்போது ஆட்கள் கதைத்தார்கள். குமர்ப்பிள்ளை அரைப்பாவாடையுடன் ஓடுகிறாளாம். விரல் உடைந்தால் யார் கலியாணம் கட்டுவதாம். சூசை யோசித்து ஒரு முடிவு சொன்னார். என் முன்னால்தான் சொன்னார்.

"இந்தமுறை விளையாடட்டும். எண்டைக்குத் தோத்து வெளியிலை வருகினமோ, அண்டைக்குத் தடியைக் குடுத்திட்டு வந்திடவேணும். அதோடை சரி."

சூசை சொன்னால் சொன்னதுதான். ஒருமுறை சிகரெட்டை விடுகிறேன் என்று சொன்னவர், வாயில் இருந்ததைக்கூட முடிக்காமல் அணைத்தவர். சொன்ன சொல்லை மாற்றுவது அவருக்கு நடு வீதியில் சாரத்தை அவிழ்ப்பதுபோல.

அணி அந்த வருடம் தோற்க மறுத்தது. ஒவ்வொரு ஞாயிறும் வென்று, கடலுக்கு அப்பால் இத்தாலியின் பெருநிலத்தில் நடக்கும் இறுதிச் சுற்றுக்கு ஒரே ஓர் ஆட்டம் மிச்சம் என்ற இடத்துக்கு வந்துவிட்டது.

செம்மண் மழை

எதிரணி கத்தானியாவிலிருந்து வந்திருந்தது. எல்லோரும் எங்கள் பிள்ளைகளைவிட ஒரு சாண் உயரம்.

சூசையும் வந்திருந்தார். முதல்முறை. வேலியோரமாகக் குடையுடன் நின்றார். மகளைப் பார்க்க வந்தாரா, தன் நிபந்தனையின் முடிவைப் பார்க்க வந்தாரா என்று தெரியவில்லை. நான் கேட்கவுமில்லை.

முதல் பாதியில் ரெஜினா மூன்று பந்துகளைத் தடுத்தாள். ஒன்றை முழங்காலால், ஒன்றைக் கையால், மூன்றாவதை எதனால் என்று அவளுக்கே தெரியாது. எங்கள் பிள்ளைகளின் தாய்மார் தகரக் கூரையின் கீழ் நின்று கத்தினார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற பருமனான சிஞ்ஞோரா ஒருவர் நடுவரைப் பார்த்து, "செத்துப்போன என் மாமனாரின் கண்ணாடி வீட்டில் சும்மாதான் கிடக்கிறது. வந்து எடுத்துக்கொள்!" என்றார். நடுவர் காது கேளாதவர்போல நடித்தார். கண்ணும் தெரியாவிட்டால் என்ன செய்வது என்று சிஞ்ஞோரா கவலைப்பட்டார்.

இரண்டாம் பாதியில் மழை வந்தது. சாதாரண மழை இல்லை. ஷிரோக்கோ தூக்கி வந்த பாலைவனப் புழுதியைக் கரைத்துக்கொண்டு கொட்டும் செந்நிற மழை. என் வெள்ளைச் சட்டையில் தேநீர்க் கறைபோல விழுந்தது. திடலில் சிவந்த தண்ணீர் ஓடியது.

என் கண் பந்தில் இல்லை. கோட்டில் இருந்தது. அரைவட்டம் முதலில் மங்கியது. பிறகு அங்கங்கே அறுந்தது. பிறகு பால் சிந்தியதுபோல ஒரு வெண்மை மட்டும் மிதந்தது. ஆட்டத்தை நிறுத்திக் கோட்டைத் திரும்பப் போடச் சொல்லி நடுவரிடம் கேட்கலாம். விதியில் இடமுண்டு. ஆனால் கேட்க வேண்டியவர் அணித்தலைவி. வேலிக்கு வெளியே நிற்கும் தமிழன் இல்லை. நான் மரியெல்லாவை நோக்கி ஓட ஆரம்பித்தேன்.

பாதி வழியில் சத்தம் கேட்டது.

ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருந்தது. அவர்களுடைய எட்டாம் இலக்கப் பெண் தூரத்திலிருந்தே ஓங்கி அடித்தாள். ரெஜினா பந்தைப் பார்த்தாள். அடித்தவளின் காலைப் பார்த்தாள். காலையில் தானே கயிறு பிடித்து நடந்த இடம் அவளுக்கு மனப்பாடம். தடியை உயர்த்தி, ஒரு காலடி பக்கத்தே எடுத்துவைத்து, அவளுடைய தகப்பன் அவ்வொகாத்தோவுக்குக் கதவு திறந்துவிடுவதுபோல மரியாதையாக விலகி நின்றாள்.

பந்து வலைக்குள் போய்ப் பின்பலகையில் 'டக்' என்று மோதியது.

நடுவர் தரையைப் பார்த்தார். அங்கே கோடு இல்லை. சிவந்த சேறுதான் இருந்தது. ஒரு கணம் யோசித்தார். பிறகு விசிலை ஊதி, கையை நடுத்திடல் பக்கம் நீட்டினார்.

கோல்.

மிச்சம் இருந்த நான்கு நிமிடமும் எங்கள் பிள்ளைகள் சேற்றில் விழுந்து எழும்பி ஓடினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பூச்சியத்துக்கு ஒன்று. அவ்வளவுதான். ஒரு வருட ஞாயிற்றுக்கிழமைகள் ஒரு விசிலில் முடிந்தன.

கோடு போட்டவன்

சூசை வேலியைத் தாண்டி என்னிடம் வந்தார். குடையை மடித்துக் கையில் வைத்தபடி நனைந்துகொண்டிருந்தார்.

"பிள்ளை ஏன் விலகினவள்? பயந்திட்டாளோ?"

"பயமில்லை. வெளியிலை நிண்டு அடிச்சா கோல் இல்லை. விடத்தான் வேணும்."

"அப்ப அவள் செய்தது சரியோ?"

"ஓம். சரி."

"பிறகேன் அவன் குடுத்தவன்?"

"கோடு அழிஞ்சுபோச்சு."

அவர் தரையைப் பார்த்தார். பிறகு என் காற்சட்டையில் இருந்த வெள்ளை வட்டத்தைப் பார்த்தார்.

"கோடு ஆர் போட்டது, அண்ணை?"

"நான்தான்."

அவர் குடையை மற்றக் கைக்கு மாற்றினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ரெஜினா வந்தாள். முகக்கவசத்தைக் கழற்றாமலே கேட்டாள். "மாமா, நான் விட்டது பிழையோ?"

"இல்லை."

"அப்ப இது இஞ்ஜூஸ்தோ. அநியாயம்."

"ஓம்."

அவள் தகப்பனைப் பார்த்தாள். அவர் வேறெங்கோ பார்த்தார். அவள் குனிந்து காப்புத் தட்டுகளின் வார்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். தட்டுகள், கையுறை, முகக்கவசம், தடி. எல்லாவற்றையும் அடுக்கி மரியெல்லாவின் காலடியில் வைத்தாள். அழவில்லை. அந்தக் குடும்பத்தில் சொல் கொடுத்தால் அப்படித்தான்.

சுற்றிவர மற்றப் பிள்ளைகள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். அந்த அழுகைக்கு நடுவில் எனக்கு ஒரு விதி ஞாபகம் வந்தது. ஆட்சேபம் இருந்தால் நடுவர் திடலை விட்டு வெளியேறுமுன் அவரிடம் பதிய வேண்டும். எழுத்து மூலமான முறைப்பாட்டை மறுநாள் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும்.

நடுவர் தன் காரின் கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

மரியெல்லாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். வாழ்க்கையில் ஒரு பெண்ணின் கையைப் பொது இடத்தில் பிடித்து ஓடியது அது ஒருதரம்தான். என் மனைவி அப்போது ஊரில் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

"எதற்காக?" என்று மரியெல்லா மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார். "கோடு போடுவது சொந்தத் திடல் அணியின் பொறுப்பு. அது அழிந்தால் தவறு நம்முடையது. இதில் வெல்லவே முடியாது!"

"வெல்வதற்காக இல்லை," என்றேன். "ஒப்பமிடுங்கள்."

ஒப்பமிட்டார். நடுவரும் நனைந்த தாளில் நேரம் குறித்து ஒப்பமிட்டார். மற்றவர்கள் போன பின், நான் கயிற்றை எடுத்து எட்டாம் இலக்கப் பெண் நின்ற இடத்தை அளந்து பார்த்தேன். நனைந்த கயிறு சுருங்கியிருந்தது. ஒரு முறை உள்ளே காட்டியது, மறுமுறை வெளியே. சாட்சிக்கு உதவாத கயிறு.

கோப்பின் ஆயுள்

கச்சேரியில் எங்கள் பகுதியில் ஒரு கோப்பு இருந்தது. இரண்டு அயலவர்களுக்கிடையே ஒரு பனைமரம் யாருடையது என்ற தகராறு. ஒருவர் விண்ணப்பிப்பார், மற்றவர் ஆட்சேபிப்பார், நாங்கள் குறிப்பெழுதுவோம். முதலில் பனை செத்தது. பிறகு ஒரு அயலவர் செத்தார். பிறகு மற்றவர். கோப்பு மட்டும் சுகமாக இருந்தது. அது முடியாதவரை அந்த வேலியில் யாரும் கை வைக்க முடியாது என்பதால், இரு வீட்டுப் பிள்ளைகளும் அதன் நிழலில் சமாதானமாக வளர்ந்தார்கள்.

அரசாங்கத்தின் தாமதத்தைத் திட்டாத ஆள் இல்லை. நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் தாமதம் சிலவேளை காவலும்கூட. ஒரு மேன்முறையீடு நிலுவையில் இருக்கும்வரை எந்த முடிவும் முடிவில்லை.

திங்கட்கிழமை அவ்வொகாத்தோவின் தட்டச்சு இயந்திரத்தில் முறைப்பாட்டை அடித்தேன். நான்கு பக்கம். அரைவட்டம் அழிந்திருந்ததால் கோல் தீர்மானம் செல்லாது என்று வாதம். அந்த அரைவட்டத்தைப் போட்டவனும் இந்த வாதத்தை எழுதியவனும் ஒருவனே என்பதை நான் குறிப்பிடவில்லை. யாரும் கேட்கவில்லையே. அவ்வொகாத்தோ வாசித்துவிட்டு, "நாற்பது வருடத் தொழிலில் இவ்வளவு அழகாக எழுதப்பட்ட, இவ்வளவு நிச்சயமாகத் தோற்கப்போகும் மனுவை நான் பார்த்ததில்லை," என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

திடலில் தபால் பெட்டி கிடையாது. எனவே பதில் அனுப்பவேண்டிய முகவரியாக என்னுடையதை எழுதினேன்.

தபாலில் போட்டதற்கான பற்றுச்சீட்டை எடுத்துக்கொண்டு சூசையின் வாசல் அறைக்குப் போனேன். அவர் கதவுத் திறப்புக் கொத்துகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சூசை, முறைப்பாடு போட்டிருக்கு. பதில் வாற வரைக்கும் தோல்வி உறுதியில்லை. சட்டப்படி நாங்கள் இன்னும் தோக்கேல்லை."

"உங்கட கச்சேரி விளையாட்டை இஞ்சை காட்டாதேங்கோ, அண்ணை."

"காட்டேல்லை. நீங்கள் சொன்னது, தோத்தா. தோத்ததெண்டு இன்னும் ஆரும் எழுதித் தரேல்லையே. பயிற்சிக்கு வராட்டி அணியிலை இருந்து பேரை வெட்டிப்போடுவினம். பிறகு பதில் நல்லதா வந்தா, உங்கட சொல்லை நீங்களே மீறின மாதிரிப் போயிடும்."

கடைசி வாக்கியத்தில்தான் அவர் தலை நிமிர்த்தினார். வெகுநேரம் என்னைப் பார்த்தார். ஏமாற்றப்படுகிறோம் என்று தெரியும், எந்த இடத்தில் என்றுதான் தெரியவில்லை என்ற பார்வை.

"சரி," என்றார். "பதில் வரட்டும். கூடாமல் வந்தா, அண்டைக்கே தடி திரும்பப் போகும். நீங்களும் வேறை கடிதம் எழுதப்படாது."

"எழுதமாட்டன்."

"சத்தியமோ?"

"சத்தியம்."

அன்று பின்னேரமே ரெஜினா பயிற்சிக்குப் போனாள். தனியாக, சுவரில் பந்தை அடித்து அடித்து அது திரும்பி வர வர தடுத்தாள். மரியெல்லா போதும் என்று சொல்லியும் கேட்கவில்லையாம்.

சனிக்கிழமைக் கேள்வி

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் ரொட்டி வாங்கப் படியிறங்கும்போது சூசை கேட்பார்.

"அண்ணை, பதில் வந்ததோ?"

"வரேல்லை."

கோடை வந்தது. இறுதிச் சுற்றை எங்கள் அணி இல்லாமலே ஆடி முடித்தார்கள். கத்தானியாப் பிள்ளைகள் முதல் ஆட்டத்திலேயே தோற்றார்கள். அன்று நான் ஒரு ஐஸ்கிரீம் சாப்பிட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

"எல்லாம் முடிஞ்சுதாமே?" என்றார் சூசை அந்தச் சனிக்கிழமை.

"ஆட்டம் முடிஞ்சுது. முறைப்பாடு முடியேல்லை."

அவர் தலையை ஆட்டினார். அவ்வளவு எளிதாக ஒத்துக்கொண்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனாலும் பதில் எந்த நாளிலும் வரலாம் என்று எனக்குப் பயம் இருந்தது. தபால்காரரின் வண்டிச் சத்தம் கேட்டால் யன்னலை விட்டு விலகி நிற்பேன். ஒரு கடிதம் வரக்கூடாது என்று மாதக்கணக்கில் வேண்டியவன் நானாகத்தான் இருப்பேன். குவெஸ்தூரா வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் எதிர்ப்பக்கமாக வேண்டினார்கள்.

புதிய பருவம் தொடங்குவதற்கு முதல் வாரம் மரியெல்லா திடலில் சொன்னார். "உங்கள் முறைப்பாட்டுக்கு வசந்த காலத்திலேயே பதில் அனுப்பிவிட்டார்களாமே? பதிவுத் தபாலில். ஒப்பமிட்டு வாங்கியதாகச் சீட்டும் திரும்பிப் போயிருக்கிறதாம்."

"அப்படியா?" என்றேன்.

அந்தக் கட்டடத்தில் பதிவுத் தபாலுக்கு ஒப்பமிடுபவர் ஒருவர்தான்.



ஞாயிறு காலை, முதல் ஆட்டத்தன்று, சுண்ணாம்பு வாளியுடன் படியிறங்கினேன். சூசை கோயில் உடுப்பில் வாசல் அறையில் நின்றார்.

"அதை வையுங்கோ, அண்ணை," என்றார் வாளியைக் காட்டி. "உதாலைதானே போனமுறை அவமானப்பட்டது. கீழை ஸ்ரோரிலை சுவருக்கு அடிச்ச வெள்ளைப் பெயின்ட் மிச்சம் கிடக்கு. மழைக்கு அசையாது. கட்டடச் சொந்தக்காரச் சிஞ்ஞோராவிட்டை கேட்டுட்டன். நில்லுங்கோ, திறப்பை எடுக்கிறன்."

இழுப்பறையை இழுத்தார்.

திறப்புக் கொத்துகளுக்கும் பழைய கட்டணச் சீட்டுகளுக்கும் அடியில் ஒரு நீள உறை கிடந்தது. மூலையில் பதிவுச் சீட்டு. தட்டச்சில் என் பெயர். ஓரங்கள் அப்படியே ஒட்டியிருந்தன. அது கிழிக்கப்படவே இல்லை.

நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவர் பார்த்தார்.

சூசை திறப்பை எடுத்துக்கொண்டு இழுப்பறையை மெதுவாகத் தள்ளி மூடினார். பிறகு, அன்று சனிக்கிழமை இல்லாதபோதும் கேட்டார்.

"அண்ணை, அந்தப் பதில் வந்ததோ?"

"இல்லை, சூசை. வரேல்லை."

"இத்தாலித் தபால்தானே," என்றார். "ஆறுதலா வரட்டும்."

பெயின்ட் டின்னைத் தூக்கிக்கொண்டு இருவரும் பஸ் ஏறினோம். ரெஜினா முதல் பஸ்ஸிலேயே போய்விட்டிருந்தாள். ஆசனத்தில் உட்கார்ந்ததும் சூசை என் காதருகே குனிந்தார்.

"டின்னுக்கும் டிக்கட் எடுக்கவேணுமோ?"

"மடியிலை வைச்சா வேண்டாம்."

அவர் தன் கோயில் காற்சட்டையை ஒருமுறை பார்த்தார். பிறகு டின்னைத் தூக்கி மடியில் வைத்து, பிரான்காச்சோ வரும்வரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.